நின்ற கோலம், கிடந்த கோலம், இருந்த கோலம்

2025-ஆம் ஆண்டு ஜூன் மாதம் முதல் தேதி, ஒரு ஞாயிற்றுக்கிழமையில், தில்லி ஜங்புராவை ஒட்டிய பாராபுல்லா நாலாவின் கரையில் அரை நூற்றாண்டுக்கு மேலாகத் தமிழ்க் குடும்பங்கள் வாழ்ந்துவந்த மதராசி கேம்ப் என்னும் குடியிருப்பு இடிக்கப்பட்டது. மழைக்காலத்தில் நீர் தேங்காதிருக்க நாலாவைத் தூர்வார வேண்டும், அதற்குக் கரையில் இருப்பவர்கள் அகல வேண்டும் என்பது தில்லி உயர்நீதிமன்றத்தின் உத்தரவு. அங்கிருந்த 370 வீடுகளில் 189 வீட்டாருக்கே நகரத்தின் வடமேற்குக் கோடியிலுள்ள நரேலாவில் மாற்று வீடு பெறும் தகுதி உண்டு என்பது அப்போது சொல்லப்பட்ட கணக்கு. இந்த விவகாரத்தின் நியாய அநியாயங்களை அறிந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். நான் எடுத்துக்கொண்ட விஷயம் அதைவிடச் சிறியது, ஆனால் அதிலிருந்து முற்றிலும் விலகியதும் அன்று. அந்த நாளைப் பற்றித் தமிழ்நாட்டிலும் பிற இடங்களிலும் இருந்த நாம் அறிந்ததெல்லாம் படங்களின் வாயிலாகவே அறிந்தோம். அப்படங்களில் பெரும்பகுதி நிமிர்த்திப் பிடித்த கைப்பேசியில் எடுக்கப்பட்டவை, எஞ்சியவை தொலைக்காட்சியின் அகன்ற சட்டகத்தில் எடுக்கப்பட்டவை. ஒரே நிகழ்ச்சி இரண்டு வடிவங்களில் நம்மிடம் வந்து சேர்ந்தது. இரண்டும் ஒன்றையே சொல்லவில்லை.

வைணவத் திருப்பதிகளில் பெருமாள் நின்றும் இருந்தும் கிடந்தும் மூன்று கோலங்களில் சேவை சாதிக்கிறார். அந்தப் பாகுபாட்டைச் சற்று உரிமையோடு இங்கே எடுத்தாளுவதை அடியார்கள் பொறுத்தருள வேண்டும். அகலம் 9 பங்கும் உயரம் 16 பங்குமாக உள்ள கைப்பேசிச் சட்டகம் நின்ற கோலம். அதையே புரட்டிப்போட்ட 16:9, தொலைக்காட்சிக்கும் கணினித் திரைக்கும் உரியது, கிடந்த கோலம். நம்முடைய பழைய தூரதர்ஷன் பெட்டியின் 4:3 இருந்த கோலம். டிஜிட்டல் கேமராவைக் கையில் எடுக்கும் எவரும், தெரிந்தோ தெரியாமலோ, இம்மூன்றில் ஒன்றைத் தேர்ந்துகொண்ட பிறகே பதிவைத் தொடங்குகிறார். பெரும்பாலும் தெரியாமல்தான் என்பது என் குற்றச்சாட்டு.

விகிதம் என்பது காட்சியின் இயல்பிலிருந்து பிறந்தது என்று யாரேனும் சொன்னால் அதை நம்ப வேண்டியதில்லை. எடிசனின் ஆய்வுக்கூடத்தில் டிக்சன் என்பவர் 35 மில்லிமீட்டர் ஃபிலிமில் ஒரு படத்துக்கு நான்கு துளை என்று வைத்துக்கொண்டதால் 4:3 வந்தது. ஒலித்தடம் பக்கத்தில் வந்து இடம்பிடித்தபின் 1932-இல் ஹாலிவுட் அகாடமி அதை 1.37 என்று திருத்தி நிலைநிறுத்தியது. தொலைக்காட்சி பிறந்தபோது அந்த விகிதத்தையே தனக்கும் ஏறக்குறைய வரித்துக்கொண்டது. வீட்டுக்குள் புகுந்த அந்தப் பெட்டி தங்கள் ரசிகர்களைக் கொண்டுபோய்விடும் என்று அஞ்சிய படக்கம்பெனிகள், பெட்டியால் தரமுடியாத விஸ்தாரத்தைத் தருவோம் என்று 1953-இல் 'த ரோப்' படத்தோடு சினிமாஸ்கோப்பைக் கொண்டுவந்தன; பம்பாயில் 1959-இல் 'காகஸ் கே ஃபூல்' அதை ஏற்றது, தமிழில் 1973-இல் 'ராஜராஜ சோழன்' ஏற்றது. பின்னர் 1980-களில் கெர்ன்ஸ் பவர்ஸ் என்ற பொறியாளர், புழக்கத்திலிருந்த விகிதங்களையெல்லாம் சம பரப்புள்ள நீள்சதுரங்களாக வரைந்து ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்து, அனைத்தையும் உள்ளடக்கும் வடிவம் ஏறத்தாழ 1.77 என்று கண்டார், அதுவே 16:9. எவருடைய கண்ணுக்கும் முதல் விருப்பமாக இல்லாத, எல்லோரும் சகித்துக்கொள்ளக்கூடிய ஒரு சமரசம் உலகத் தொலைக்காட்சியின் பிரமாணமாகிவிட்டது. கைப்பேசியின் நின்ற சட்டகத்துக்கும் இதைவிட உயர்ந்த பூர்வீகம் இல்லை. மனிதக் கை ஒரு பொருளை எப்படிப் பிடிக்கிறது என்பதே அதன் ஆதாரம். 2020-ஆம் ஆண்டு ஜூன் மாத இறுதியில் டிக்டாக் இந்தியாவில் தடைசெய்யப்பட்டதும், ஜூலையில் ரீல்ஸும் செப்டம்பரில் யூடியூப் ஷார்ட்ஸும் அந்த இடத்தைப் பிடிக்க இங்கே வந்து இறங்க, நின்ற கோலம் தெருவின் பொது விகிதமாயிற்று. ஆகவே, ஃபிலிம் காலத்தில் வளர்ந்த ஒளிப்பதிவாளர்கள் சிலர் கைப்பேசியை நிமிர்த்திப் பிடிப்பவரைக் கண்டு முகம் சுளிப்பது எனக்கு உடன்பாடன்று. வியாபாரமும் இயந்திரச் சௌகரியமும் பெற்றெடுத்த பிள்ளைகளே இவை அனைத்தும்; குலப்பெருமை பேச எதற்கும் உரிமை இல்லை.

அப்படியானால் எந்த விகிதமும் ஒன்றுதானா என்றால், இல்லை. எடுக்கப்படும் பொருளுக்கும் அதன் சூழலுக்கும் உள்ள உறவை எது காட்டுகிறது, எது மறைக்கிறது என்ற ஒரு கேள்வியே நிர்ணயத்துக்குரிய கேள்வி. அதை மதராசி கேம்பின் அமைப்பை வைத்தே பார்க்கலாம்.

முதலில் நின்ற கோலத்தின் நியாயம். இத்தகைய குடியிருப்புகளில் இரண்டு சுவர்களுக்கு நடுவே ஒருவர் நடந்தால் எதிரே வருபவர் ஒதுங்கி நிற்க வேண்டிய சந்துகளே வீதிகள். மேலே கொடியில் துணி, அதற்கு மேல் மின்கம்பிகளின் சிக்கல், அதற்கு மேல் ஒரு கீற்று வானம். இந்தச் சந்தைக் கிடந்த சட்டகத்தில் எடுத்தால் திரையின் இரு பக்கங்களிலும் சுவரே நிறைந்து, நடுவில் ஒரு பிளவாக மட்டும் வாழ்க்கை தெரியும். நின்ற சட்டகமோ தரையிலிருந்து வானம் வரை அந்த இடத்தின் அளவை அப்படியே ஏற்றுக்கொள்கிறது. மனித உடலும் நிமிர்ந்தது. வாசற்படியில் நிற்கும் ஒரு பெண்ணைத் தலைமுதல் கால்வரை, அவள் காலடியில் கட்டிவைத்த பாத்திர மூட்டையையும் சேர்த்து, சட்டகத்தை நிறைத்துக் காட்ட இதைவிடப் பொருத்தமான வடிவம் வேறில்லை. அகன்ற சட்டகத்தில் அவளை முழு உருவமாகக் காட்ட வேண்டுமானால் அவள் சிறுத்துப்போக வேண்டும், அவள் முகம் தெரிய வேண்டுமானால் மூட்டை வெட்டுப்பட வேண்டும். இதற்கு மேலும் ஒரு நியாயம் உண்டு. வீடு இடிக்கப்படும் நாளில் அந்த வீட்டுக்காரரே பதிவுசெய்கிறார் என்றால், அவருடைய மற்றொரு கை குழந்தையையோ ரேஷன் அட்டையையோ பற்றியிருக்கும்; ஒரு கையால் எடுக்க முடிந்தது என்பதற்காகவே எடுக்கப்பட்ட படங்கள் பல உண்டு. விகிதத்தைப் பற்றி உபதேசம் செய்ய வருபவர் இதை மறக்கலாகாது. அந்தப் படம் போய்ச்சேர வேண்டிய இடமும் ஊரிலிருக்கும் அண்ணனின், அத்தையின் கைப்பேசிதான்; அங்கே அது திரை முழுவதும் நிறைந்து, கருப்புப் பட்டை ஏதுமின்றி, பேசுகிறவரின் முகத்தைப் பார்ப்பவரின் முகத்துக்கு எதிரே கொண்டுவந்து வைக்கிறது. இந்த அண்மையை அகன்ற திரை ஒருபோதும் தந்ததில்லை.

ஆனால் இடிப்பு என்பது ஓர் உருவமன்று. அது ஓர் உறவு. இயந்திரத்தின் கைக்கும் சுவருக்கும், சுவருக்கும் அதை விட்டு வெளியேறி நிற்பவர்களுக்கும், அவர்களுக்கும் காவல்துறையின் தடுப்புக்கும் இடையேயுள்ள தூரமே அந்த நிகழ்ச்சி. நின்ற சட்டகத்தில் இவற்றில் ஒன்று இருந்தால் மற்றொன்று இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, இந்த வழக்கின் மையமே ஓர் இடத்தைப் பற்றியது: வீடுகள் நாலாவின் நீரோட்டத்துக்கு எவ்வளவு அருகே இருந்தன, கரை எங்கே முடிந்தது, குடியிருப்பு எங்கே தொடங்கியது என்பதே உத்தரவுக்கு அடிப்படையான விஷயம். அந்தச் சுற்றுப்புறத்தைச் சற்று எண்ணிப் பாருங்கள். ஜஹாங்கீர் காலத்தில் கட்டப்பட்ட, பதினொரு வளைவுகளையுடைய பழைய பாராபுல்லா பாலம்; 2010 காமன்வெல்த் விளையாட்டுக்காக எழுப்பப்பட்டு அந்தப் பெயரையே தாங்கிய உயர்சாலை; நிஜாமுதீன் ரயில் நிலையத்தை நோக்கிச் செல்லும் தண்டவாளங்கள்; நாலா. இவை யாவும் படுக்கை வாட்டத்தில் நீண்டு கிடப்பவை. முகலாயரின் பாலமும் சாலைத்துறையின் பாலமும் ரயிலும் சாக்கடையும் ஒரே திருஷ்டியில் அடங்கும் அந்த நெருக்கத்தில்தான் தமிழர்கள் குடிசை போட்டுக் கல்வீடு கட்டி வாழ்ந்தார்கள் என்பதை, எத்தனை நூறு நின்ற படங்களைப் பார்த்தாலும் பார்ப்பவர் அறிய முடியாது. எந்த ஊரில், எந்தச் சந்தில் வேண்டுமானாலும் நடந்திருக்கக்கூடிய ஒரு துக்கமாகவே அவை அதைக் காட்டும்.

கேமராவை இடமிருந்து வலமாகத் திருப்பினால் எல்லாம் வந்துவிடுமே என்பார்கள். திருவனந்தபுரத்தில் அனந்தசயனப் பெருமாளை மூன்று வாயில்கள் வழியாகச் சேவிக்கிறோம். ஒன்றில் திருமுகம், ஒன்றில் திருநாபி, ஒன்றில் திருவடி. மூன்றையும் கண்டவர் முழுத் திருமேனியையும் கண்டவராகிறார். ஏனெனில் அந்த முழுமை அவர் மனத்தில் முன்பே எழுந்தருளியிருக்கிறது. மதராசி கேம்பை முன்பின் பார்த்திராத ஒருவருக்கு அந்த முன்னறிவு கிடையாது. முதலில் இயந்திரம் வருகிறது, அது மறைந்த பின் சுவர் வருகிறது, அதுவும் மறைந்த பின் ஜனங்கள் வருகிறார்கள். எதற்கும் எதற்கும் எவ்வளவு தூரம் என்பதை அவர் ஊகிக்க வேண்டியிருக்கிறது. போதாக்குறைக்கு, ஒடுங்கிய சட்டகத்தில் கொஞ்சம் வேகமாகத் திருப்பினாலும் காட்சி கலங்கிவிடும். பதற்றத்தில் இருப்பவர் நிதானமாகத் திருப்புவார் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை.

இந்த நின்ற படங்களைத் தொலைக்காட்சிகள் எடுத்தாண்ட விதம் தனியே கண்டிக்கத்தக்கது. நின்ற சட்டகம் ஒன்றைக் கிடந்த திரையின் முழு உயரத்துக்குப் பொருத்தினால் அது திரையின் பரப்பில் நூற்றுக்கு 31.6 பங்கையே நிரப்பும். மிச்சமுள்ள மூன்றில் இரண்டு பாகத்தையும் வெறுமையாக விட மனமின்றி, அதே படத்தைப் பெரிதாக்கி மங்கலாக்கி இரு பக்கமும் பரப்புவது இன்றைய செய்தி அறைகளின் சம்பிரதாயமாகிவிட்டது. நடுவில் ஒருவர் தம் வீட்டைக் காட்டிப் பேசிக்கொண்டிருக்க, இருபுறமும் அவருடைய சேலையின் நிறமும் சுவரின் நிறமும் கரைந்த குழம்பாக அசைந்துகொண்டிருக்கிறது. தகவல் ஒன்றும் தராத அசைவு கண்ணைக் களவாடுகிறது. கருப்புப் பட்டையே இருந்திருந்தால் கண் நடுவில் நின்றிருக்கும். எனக்குக் கருப்பில் ஒரு நேர்மை தெரிகிறது: இவ்வளவுதான் எங்களிடம் இருக்கிறது என்று அது ஒப்புக்கொள்கிறது.

கிடந்த கோலம் இத்தகைய குறைகள் அற்றதா என்றால், அதன் குறைகள் வேறு வகை. அகன்ற சட்டகம் எடுப்பவரைப் பின்னுக்கு இழுக்கிறது. அனைத்தையும் அடக்க வேண்டும் என்ற ஆசை வந்துவிட்டால் தடுப்புக்கு இப்பால் நின்றோ மேம்பாலத்திலிருந்தோ எடுப்பதே வசதியாகப்படும். அங்கிருந்து பார்க்கையில் மனிதர்கள் கூட்டமாகிவிடுகிறார்கள். இன்னும் அகன்று, சினிமாக்காரர்கள் ஸ்கோப் என்று சுருக்கமாகச் சொல்லும் 2.35 விகிதத்துக்குப் போனாலோ, இடிபாடுகள் ஒரு நிலக்காட்சியின் அழகைப் பெற்றுவிடும் அபாயம் உண்டு. செங்கற்குவியலும் புழுதியும் மாலை வெயிலும் சேர்ந்து ரம்மியமாகிவிடுகின்றன. குறும்படம் எடுக்கும் இளைஞர்கள் பலர் 16:9-இல் எடுத்துவிட்டு மேலும் கீழும் கருப்புப் பட்டை ஒட்டி, 'சினிமா மாதிரி' ஆக்கிக்கொள்வதைப் பார்க்கிறோம். இது எடுத்த படத்தில் நான்கில் ஒரு பங்கை விலையில்லாமல் தூக்கியெறிவதே தவிர வேறில்லை. முன்பு மினி-டிவி (MiniDV) கேசட் காலத்திலும் இதே மயக்கம் இருந்தது. நம் நாட்டு பால் (PAL) ஒளிபரப்பு முறையில் படத்துக்கு 576 வரிகள். 4:3 சென்சார் கொண்ட மலிவான கேமராக்களில் அகலத்திரை என்ற பொத்தானை அழுத்தினால் மேலும் கீழும் மறைத்து 432 வரிகளை மட்டுமே பயன்படுத்தும். அகலம் ஓர் இம்மியும் கூடவில்லை, உயரம் குறைந்தது. கல்யாண வீடியோக்காரர்கள் சிலர் அதற்குக் கூடுதல் கட்டணமும் வாங்கினார்கள்.

கண் இரண்டும் பக்கவாட்டில் அமைந்திருப்பதால் அகன்ற சட்டகமே இயற்கையானது என்ற வாதத்தையும் நான் பெரிதாக மதிப்பதில்லை. கண்ணின் பரப்பு அகன்றதாயினும் கவனத்தின் பரப்பு குறுகியது; நாம் ஓரத்தை உணர்கிறோம், நடுவைத்தான் பார்க்கிறோம்.

இனி, யாரும் பேசாத இருந்த கோலத்துக்கு வருகிறேன். 1930-இல் ஹாலிவுட்டில் அகன்ற ஃபிலிமைப் பற்றி விவாதம் எழுந்தபோது, அங்கே வந்திருந்த சோவியத் இயக்குநர் ஐசன்ஸ்டைன், படுக்கை வடிவத்தின் ஆதிக்கத்தை எதிர்த்துச் சதுரத் திரைக்காக வாதாடினார். நிமிர்ந்ததையும் படுத்ததையும் பாரபட்சமின்றி ஏற்கும் வடிவம் அது ஒன்றே என்பது அவர் கட்சி. அவர் கட்சி தோற்றது. ஆயினும் சதுரத்துக்கு மிக நெருங்கிய 4:3, அந்த நற்குணத்தில் பாதியையேனும் தன்னிடம் வைத்துக்கொண்டிருந்தது. பம்பாயில் குடிசைகள் இடிக்கப்பட்டதைப் பற்றி ஆனந்த் பட்வர்தன் 1985-இல் எடுத்து முடித்த 'ஹமாரா ஷஹர்' 16 மில்லிமீட்டர் ஃபிலிமில் எடுக்கப்பட்டது. அதன் இயல்பான விகிதம் ஏறக்குறைய 4:3. வீடிழந்தவர்களின் பேச்சையும் வீடுடையவர்களின் பேச்சையும் அடுத்தடுத்து வைக்கும் அந்தப் படத்தில், பேசுபவரின் முகத்துக்குப் போதுமான உயரமும், அவருக்குப் பின்னால் அவர் நிற்கும் இடத்தைச் சொல்லப் போதுமான அகலமும் ஒரே சட்டகத்தில் கிடைக்கின்றன. ஆடம்பரமில்லாத வடிவம் என்பதால் துயரம் அலங்காரமாகிவிடும் ஆபத்தும் குறைவு. அன்று அவருக்கு வேறு தேர்வு அதிகம் இல்லை என்பது உண்மையே. ஆனால் நிர்ப்பந்தத்தால் நேர்ந்த ஒன்று நல்லதாக இருக்கக்கூடாது என்று விதி இல்லை.

இதில் ஒரு வேடிக்கை, இன்று நம் சட்டைப்பையிலிருக்கும் கைப்பேசிகளில் பெரும்பாலானவற்றின் சென்சாரே 4:3 வடிவமானது. புகைப்படம் எடுக்கையில் அது முழுவதையும் தருகிறது. வீடியோவுக்கு மாற்றியதும் 16:9 வேண்டும் என்பதற்காக நீண்ட பக்கங்கள் இரண்டிலிருந்தும் ஒரு துண்டை வெட்டிவிடுகிறது. அதாவது, தேர்ந்தெடுக்கப்படாத ஒரு தேர்வு பொத்தானை அழுத்துவதற்கு முன்பே நடந்துவிடுகிறது. முழுச் சென்சாரையும் பயன்படுத்தி எடுக்கும் வசதி இப்போது சில கேமராக்களிலும் செயலிகளிலும் வந்திருக்கிறது. ஒளிப்பதிவாளர்கள் அதை 'ஓப்பன் கேட்' என்கிறார்கள். இருந்த கோலத்துக்கும் குறை உண்டு. தொலைக்காட்சியில் இருபக்கமும் கருப்பு, கைப்பேசியில் மேலும் கீழும் கருப்பு என்று எந்த வீட்டிலும் அது விருந்தாளியாகவே இருக்கிறது. இளைஞர்களுக்கு அது பழமையின் வேஷமாகத் தோன்றி, சொல்லவந்த விஷயத்தைவிட வடிவமே முதலில் கண்ணில் படுகிறது. ஆயினும், நாளை அழியப்போகும் ஓர் இடத்தைப் பதிவுசெய்பவர் இன்றைய திரைக்காக மட்டும் எடுக்கவில்லை என்பதால், இக்குறைகளை நான் சிறியவையாகவே கருதுகிறேன்.

எல்லாவற்றையும் அகலமாக 4கே-யில் எடுத்து வைத்துக்கொண்டால் பிறகு வேண்டியபடி வெட்டிக்கொள்ளலாம் என்பது தொழில் தெரிந்தவர்களிடையே இன்று பரவியுள்ள யுக்தி. கணக்கு அவர்கள் பக்கமே பேசுகிறது: 3840-க்கு 2160 அளவுள்ள படத்திலிருந்து நின்ற சட்டகம் ஒன்றை வெட்டினால் 1215-க்கு 2160 கிடைக்கும், ரீல்ஸுக்கு வேண்டிய 1080-க்கு 1920-ஐ விட இது அதிகம். சாதாரண எச்டி-யில் எடுத்தவருக்கு 607 பிக்சல் அகலமே மிஞ்சும் என்பதால் அவருக்கு இந்த வழி அடைத்திருக்கிறது. ஆனால் பிக்சல் போதுமென்றால் படம் போதுமாகிவிடாது. இரண்டு விகிதங்களுக்கும் ஒருங்கே பயன்பட வேண்டும் என்று எடுக்கிறவர், முக்கியமானதையெல்லாம் நட்ட நடுவில் வைக்கிறார், ஓரங்களில் இழக்கத்தக்கவற்றை மட்டும் அனுமதிக்கிறார். விளைவு, அகன்ற படத்தில் ஓரம் வீணாகிறது, நின்ற படத்தில் உயரம் வீணாகிறது. நாலாவை ஓரத்தில் வைத்து வீட்டை மறு ஓரத்தில் வைக்கும் துணிவு அவருக்கு வராது. அந்த இரண்டு ஓரங்களுக்கும் இடைப்பட்ட தூரத்தில்தான் மதராசி கேம்பின் கதையே இருந்தது. அவசரச் செய்திக்கு இந்த யுக்தி உதவும், ஆவணப்படத்துக்கு ஆகாது என்பது என் அபிப்பிராயம்.

இதே போன்ற ஒரு குடியிருப்பைப் படமெடுக்கப் போகும் நண்பர்களுக்கு நான் சொல்லக்கூடியது சிறிது. படம் முழுவதற்கும் ஒரு விகிதத்தை முன்கூட்டியே நிர்ணயித்துக்கொள்ளுங்கள். கூடுமானால் 4:3, முடியாவிட்டால் 16:9. குடியிருப்பவர்கள் தாங்களே எடுத்த நின்ற படங்களை நடுவே சேர்க்கும்போது மங்கல் பூசாமல், பெரிதாக்கி வெட்டாமல், அவர்கள் எடுத்த வடிவத்திலேயே விட்டுவிடுங்கள். விகிதம் மாறுவதே இது வேறொருவர் கையால் எடுத்தது என்பதைப் பார்ப்பவருக்குச் சொல்லிவிடும். கைப்பேசி மட்டுமே உள்ளவர்கள் அதை நிமிர்த்திப் பிடித்தே ஆட்களை எடுக்கட்டும். ஆனால் ஒரே ஒரு முறை, ஓர் உயரமான இடத்தில் அசையாமல் நின்று, கைப்பேசியைப் படுக்கவைத்து, அரை நிமிடமாவது சுற்றுப்புறத்தைப் பதிவுசெய்யட்டும். அந்த அரை நிமிடம் மற்றப் படங்கள் அனைத்துக்கும் இருப்பிடம் கொடுக்கும்.

மதராசி கேம்பில் வாழ்ந்தவர்களில் சிலர் இன்று நரேலாவில் இருக்கிறார்கள், பலர் வேறு இடங்களில் இருக்கிறார்கள். அவர்களுடைய கைப்பேசிகளில் கல்யாணமும் திருவிழாவும் பிள்ளைகளின் முதல் பள்ளி நாளுமாக அந்த இடத்தின் படங்கள், பெரும்பாலும் நின்ற கோலத்தில், இன்னும் இருக்கத்தான் வேண்டும். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது அவை சுருக்கப்பட்டுத் தரம் இழக்கின்றன. கைப்பேசி பழுதானால் மூலமும் போய்விடும். 1946 முதல் இயங்கிவரும் தில்லித் தமிழ்ச் சங்கம் இம்மூலக் கோப்புகளை, எந்த ஓரத்தையும் வெட்டாமல், எடுத்த தேதியோடு திரட்டி வைக்க முன்வர வேண்டும்; உங்களிடம் அப்படி ஏதேனும் இருந்தால், அதுவரை அதை அழிக்காமல் வைத்திருங்கள்.